பிள்ளை மைன்கிராஃப்ட் தொடங்கப் போகிறதா? முதல் வாரம் நீங்களும் பக்கத்தில் இருங்கள்





நோன்பு லீவு நெருங்கிவிட்டது. தராவீஹ் முடிந்து ஸஹர் வரைக்கும் நம்ம ஊரில் பிள்ளைகள் விழித்திருப்பது புதிய விஷயமல்ல. ஆனால் இப்போது அந்த நேரத்தில் பாதிப்பேரின் கையில் போன் இருக்கிறது. அந்தப் போனில் என்ன ஓடுகிறது என்று கேட்டால், "ஏதோ கட்டிக் கட்டி விளையாடுறான் சேர்" என்றுதான் அநேகமான உம்மாமார் சொல்கிறார்கள். அந்த "ஏதோ" பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

அந்தக் கேமின் பெயர் மைன்கிராஃப்ட். உலகம் முழுவதும் சதுரக் கட்டிகளால் ஆனது. மரம், மண், கல், தண்ணீர் எல்லாம் கட்டிதான். உடைத்து எடுக்கலாம், வேறு இடத்தில் வைக்கலாம். இதுதான் முடிவு, இப்படித்தான் வெல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். சின்ன வயதில் கடற்கரை மணலில் வீடு கட்டிய எல்லாருக்கும் இதன் ருசி விளங்கும். தனியாகவும் விளையாடலாம், பல பேர் ஒரே உலகத்துக்குள் சேர்ந்தும் விளையாடலாம். சுவீடனில் ஒரு சிறிய நிறுவனம் உருவாக்கி, 2011 நவம்பரில் முழுமையாக வெளியிட்டது. 2014இல் மைக்ரோசொஃப்ட் 2.5 பில்லியன் டொலர் கொடுத்து அந்த நிறுவனத்தையே வாங்கியது. 2023இல் விற்பனை 300 மில்லியனைத் தாண்டியது. ஆகவே இது உங்கள் பிள்ளைக்கு மட்டும் பிடித்த பைத்தியம் அல்ல.

இதைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு இருக்கிறது. ஒரு பக்கம், "எல்லாக் கேமும் ஒன்றுதான், போனைப் பறித்து வையுங்கள்" என்பவர்கள். மறு பக்கம், "சுட்டு விளையாடுவதை விட இது நல்லதுதானே, விடுங்கள்" என்பவர்கள். இரண்டு பேருமே பிள்ளை உள்ளே போய் யாரோடு நிற்கிறது என்று பார்ப்பதில்லை. பறித்து வைத்தால் பிள்ளை மச்சான் வீட்டில் போய் விளையாடுகிறது. விட்டுவிட்டால் யூடியூபில் யாரோ ஒருவன் அதற்கு உஸ்தாத் ஆகிவிடுகிறான்.

என்னுடைய கருத்து இதுதான்: மைன்கிராஃப்ட் ஒரு பிள்ளைக்கு நல்லதாக அமைவதும் கெட்டதாக அமைவதும் முதல் வாரத்தில் தீர்மானமாகிறது. யாரோடு தொடங்குகிறது, என்ன சட்டத்தோடு தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். அந்த முதல் வாரத்தைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு பெரியவர்களாகிய நம்முடையது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? சென்ற தவணையில் தரம் 7 பிள்ளைகள் இரண்டு பேர் வகுப்பில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விசாரித்தால் காரணம் கேமுக்குள் இருந்தது. ஒருவன் இரண்டு கிழமையாக ஒரு வீடு கட்டியிருக்கிறான். மாடி, தோட்டம், சாமான் பெட்டி எல்லாம் வைத்து. மற்றவன் இரவில் உள்ளே வந்து வீட்டை வெடிவைத்துத் தகர்த்து, பெட்டியில் இருந்ததை எல்லாம் எடுத்துப் போய்விட்டான். "சும்மா பகிடிக்குத்தான் சேர்" என்றான். இழந்தவன் அழுதான். பிறகு இரண்டு உம்மாமாரும் வட்ஸ்அப்பில் வாய்த்தர்க்கம். ஒரே ஒழுங்கையில் இருக்கும் இரண்டு குடும்பம் பெருநாளைக்கும் கதைக்கவில்லை.

"அது வெறும் கேம்தானே" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்தப் பிள்ளைக்கு அது இரண்டு கிழமை உழைப்பு. அடுத்தவன் கட்டியதை உடைப்பதும், கேட்காமல் எடுப்பதும் திரைக்குள் நடந்தாலும் பழகுவது ஒரே மனசுதான். ஹக்குல் இபாத் பற்றி மத்ரஸாவில் படிக்கும் பிள்ளைக்கு அதைச் செய்து பார்க்க ஒரு இடம் வேண்டும் என்றால், இந்தக் கேம் நல்ல இடம். சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொடங்கும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நான் சொல்வது இவைதான்.

*1. களவுப் பிரதியில் தொடங்காதீர்கள்*

மைன்கிராஃப்ட் காசு கொடுத்து வாங்கும் கேம். நம்ம பிள்ளைகளில் நிறையப் பேரிடம் இருப்பது யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய களவுப் பிரதி. முதலாவது, அது அடுத்தவரின் உழைப்பு. இரண்டாவது, அப்படி வரும் ஃபைலுக்குள் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதே போனில்தான் உங்கள் பேங்க் செயலியும் குடும்பப் படங்களும் இருக்கின்றன.

வாங்க வசதி இல்லையா? வெட்கப்பட ஒன்றுமில்லை. லுவான்டி என்று ஒன்று இருக்கிறது. முன்பு மைன்டெஸ்ட் என்று பெயர், 2024இல் பெயர் மாற்றினார்கள். முழுக்க இலவசம், சட்டப்படியே இலவசம். ஆண்ட்ரொய்ட் போனிலும் கணினியிலும் ஓடும். அதைப் போட்டதும் உள்ளே இருந்தே விருப்பமான கேமை இறக்கிக்கொள்ளலாம். வொக்ஸ்லிப்ரே என்பதை இறக்கினால் கிட்டத்தட்ட மைன்கிராஃப்ட் மாதிரியே இருக்கும். கட்டிப் பழகுவதற்கு அது தாராளம். நான் கீழே சொல்லும் செட்டிங்குகள் மைன்கிராஃப்டுக்கு உரியவை. ஆனால் பழக்கவழக்கம் பற்றிச் சொல்வது இரண்டுக்கும் ஒன்றுதான்.

வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். இந்தக் கேம் இரண்டு வகை. போனிலும் டெப்பிலும் ஓடுவது பெட்ரொக். ஜாவா என்பது கணினிக்கு மட்டும். ஒன்றில் இருப்பவர் மற்றதில் இருப்பவரோடு சாதாரணமாகச் சேர்ந்து விளையாட முடியாது. கூட்டாளிமார் எதில் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் காசும் போய், பிள்ளை தனியாகவும் நிற்கும்.

*2. கணக்கைப் பெற்றோர் திறக்க வேண்டும்*

பலரோடு விளையாட மைக்ரோசொஃப்ட் கணக்கு ஒன்று தேவை. பிள்ளைகள் தாங்களாகத் திறந்தால் பிறந்த ஆண்டைக் கூட்டிப் போடுவார்கள். அப்போது அந்தக் கணக்கு பெரியவரின் கணக்கு ஆகிவிடும், கதவு எல்லாம் திறந்துவிடும். உண்மையான வயதைப் போட்டு, உங்கள் கணக்கின் கீழ் பிள்ளையின் கணக்கைத் திறந்தால், யாரோடு விளையாடலாம், யாரோடு கதைக்கலாம் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம்.

கேமுக்குள்ளேயே ஒரு கடையும் இருக்கிறது. உடுப்பு, உலகம், அலங்காரம் என்று விற்பார்கள். அங்கே நாணயம் என்று சொல்வது உண்மையான காசு கொடுத்து வாங்கும் நாணயம். போனில் உங்கள் காட் இணைத்திருந்தால், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி செய்யுங்கள். பிள்ளையைக் களவு செய்தது என்று பிறகு அடிப்பதை விட, முதலே பூட்டுப் போடுவது நல்லது.

பிள்ளையின் விளையாட்டுப் பெயரில் சொந்தப் பெயர், பாடசாலை, ஊர், பிறந்த ஆண்டு எதுவும் வரக்கூடாது.

*3. முதல் மூன்று நாள் தனியாக*

பலரோடு சேர முன், பிள்ளை தனி உலகத்தில் கை பழக வேண்டும். ஒன்றும் தெரியாமல் கூட்டத்துக்குள் போகும் பிள்ளை ஒன்றில் ஏமாறும், அல்லது மற்றவர்களுக்குத் தொல்லை கொடுக்கும்.

சின்னப் பிள்ளை என்றால் கிரியேட்டிவ் முறையில் தொடங்கட்டும். எல்லாக் கட்டியும் கணக்கில்லாமல் கிடைக்கும், சாவு கிடையாது. பத்து வயதுக்கு மேல் என்றால் சர்வைவல் முறை நல்லது. அங்கே தேடி, உழைத்து, சேர்த்துத்தான் கட்ட வேண்டும். ஸோம்பி, எலும்புக்கூடு எல்லாம் பயமாக இருந்தால் பீஸ்ஃபுல் என்று ஒரு நிலை இருக்கிறது. அதைப் போட்டால் தாக்க வரும் ஜந்துகள் வராது, பசியும் எடுக்காது.

சர்வைவலில் முதல் நாள் செய்ய வேண்டிய வேலை இதுதான்:

கேமில் ஒரு நாள் என்பது நம்ம 20 நிமிடம். அதில் பகல் சுமார் 10 நிமிடம். இருட்ட முன் ஒரு கூரை வேண்டும். முதலில் கையாலேயே மரம் வெட்டுங்கள். ஒரு மரக்கட்டி நான்கு பலகை ஆகும். நான்கு பலகை சேர்த்தால் கிராஃப்டிங் டேபிள், அதாவது உங்கள் ஓடாவி மேசை. அதில் மூன்று பலகையும் இரண்டு குச்சியும் வைத்தால் மரப் பிக்காசு. அதைக் கொண்டு கல் உடைத்து உடனே கல் பிக்காசு செய்யுங்கள். மரப் பிக்காசுக்கு இரும்பு கிடைக்காது, கல் பிக்காசுக்குக் கிடைக்கும். வைரத்துக்கு இரும்புப் பிக்காசு வேண்டும். படி தாண்டிப் போக முடியாது.

எட்டுக் கல் சேர்த்தால் அடுப்பு. எட்டுப் பலகை சேர்த்தால் பெட்டி. நிலக்கரியும் குச்சியும் சேர்ந்தால் நான்கு தீப்பந்தம். நிலக்கரி கிடைக்கவில்லை என்றால் மரத்தை அடுப்பில் போட்டு மரக்கரி எடுக்கலாம். இதை நிறையப் பேர் அறிய மாட்டார்கள். வெளிச்சம் இருக்கும் இடத்தில் ஸோம்பிகள் முளைக்காது. எனவே வீட்டுக்குள்ளும் சுற்றியும் பந்தம் வையுங்கள்.

செம்மறி ஆட்டிடம் ஒரே நிறத்தில் மூன்று கம்பளி எடுத்து, மூன்று பலகையோடு சேர்த்தால் கட்டில். கட்டிலில் ஒரு முறை படுத்துவிட்டால், பிறகு செத்தாலும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் எழும்புவீர்கள். கட்டில் இல்லாமல் தூரம் போய்ச் செத்தால் தொடங்கிய இடத்திலிருந்து நடக்க வேண்டும்.

மூன்று பழமொழி மாதிரி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் கட்டியை நேர் கீழே தோண்டாதே, அடியில் நெருப்புக் குழம்பு இருக்கலாம். பெறுமதியான சாமானை எல்லாம் இடுப்பில் கட்டிக்கொண்டு குகைக்குள் போகாதே, பெட்டியில் வைத்துவிட்டுப் போ. செத்த இடத்தில் விழுந்த சாமான் பக்கத்தில் போய் நின்றதும் 5 நிமிடத்தில் மறைந்துவிடும், ஆகவே வீட்டின் இட எண்ணைத் தாளில் எழுதி வை. உலகத்தைத் தொடங்கும்போது "கோஓர்டினேட்ஸ் காட்டு" என்பதைப் போட்டால் அந்த எண் திரையில் தெரியும்.

இந்த எண்கள் மூன்று. கிழக்கு மேற்கு, உயரம், வடக்கு தெற்கு. நாங்கள் வகுப்பில் வெண்கட்டியால் கீறி ஒரு தவணை முழுவதும் மல்லுக்கட்டும் ஆள்கூறு இது. வீட்டுக்கு வழி தேடும் பிள்ளை அதை அரை மணித்தியாலத்தில் பிடித்துக்கொள்ளும். மறை எண்ணும் அப்படித்தான். இந்த உலகத்தின் அடித்தளம் -64இல் இருக்கிறது. வைரம் அதிகம் கிடைப்பது -59க்குப் பக்கத்தில். -64 பெரிதா -59 பெரிதா என்று இனிப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

*4. பிறகு, தெரிந்த பிள்ளைகளோடு மட்டும்*

மூன்று நான்கு நாள் கழித்துக் கூட்டாளிமாரோடு சேரட்டும். ஆனால் பொதுச் சேர்வருக்குப் போக வேண்டாம். ஒரே வைஃபையில் இருக்கும் பிள்ளைகள் ஒருவன் திறக்கும் உலகத்துக்குள் மற்றவர்கள் சேரலாம். ஒரு வீட்டில் நாலு பேர் கூடி ஒரே ஹோலில் இருந்து விளையாடுவதுதான் மிகச் சிறந்த தொடக்கம். சண்டை வந்தால் முகத்தைப் பார்த்துக் கதைக்கலாம். உம்மா பக்கத்தில் இருப்பார். நோன்பு திறக்கும் நேரம் எல்லாருக்கும் ஒன்றாகவே தெரியும்.

உலகத்தைத் திறப்பவன் வீட்டுக்காரன். அவன் வெளியே போனால் எல்லாரும் வெளியே வர வேண்டியதுதான். எனவே கொஞ்சம் நிதானமான பிள்ளை திறக்கட்டும், எத்தனை மணிக்குத் திறப்பது எத்தனை மணிக்கு மூடுவது என்பதும் முதலே பேசி முடிவாகட்டும்.

வீட்டுக்காரனுக்குச் சில அதிகாரங்கள் இருக்கின்றன. பெட்ரொக்கில் வருபவர்களை விசிட்டர், மெம்பர், ஒபரேட்டர் என்று மூன்றாகப் பிரிக்கலாம். விசிட்டர் சுற்றிப் பார்க்கலாம், ஒரு கட்டியையும் உடைக்க முடியாது. புதிதாக வரும் பிள்ளையை முதலில் விசிட்டராக விடுங்கள். ஒரு நாள் பார்த்துப் பழகட்டும். பிறகு மெம்பர் ஆக்கலாம். ஒபரேட்டர் அதிகாரத்தை எல்லாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு ஊருக்கு எல்லாரும் தலைவர் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெடி வெடிப்பது, நெருப்புப் பரவுவது, ஒருவரையொருவர் அடிப்பது, இவை மூன்றையும் நிறுத்தி வைக்கவும் வழி இருக்கிறது. தொடக்கத்தில் மூன்றையும் நிறுத்துங்கள். கிழமைக்கு ஒரு தரம் அந்த உலகத்தை அப்படியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். "கொப்பி வேர்ல்ட்" என்று செட்டிங்கில் இருக்கிறது. என்ன நடந்தாலும் பழைய உலகம் கையில் இருக்கும். மேலே சொன்ன இரண்டு பிள்ளைகளின் உலகத்துக்கு இப்படி ஒரு பிரதி இருந்திருந்தால், இரண்டு குடும்பம் கதையாமல் இருந்திருக்காது.

அதிகாரத்தை விட முக்கியம் ஒப்பந்தம். தொடங்க முன் பிள்ளைகளே கூடி ஐந்து சட்டம் எழுதட்டும். எங்கள் பிள்ளைகள் எழுதியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

அடுத்தவரின் கட்டடத்தில் ஒரு கட்டியையும் கேட்காமல் தொடக்கூடாது.
பெட்டியில் இருந்து எடுத்தால் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும், எடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டும்.
வெட்டிய மரத்துக்குப் பதிலாக ஒரு கன்று நட வேண்டும்.
சின்னவர்கள் செய்யும் பிழைக்குச் சிரிக்கக்கூடாது, காட்டிக் கொடுக்க வேண்டும்.
எல்லாரும் கட்டிலில் படுத்த பிறகுதான் இரவு போகும், ஒருவரைக் காக்க வைக்கக்கூடாது.

கடைசிச் சட்டம் கேமின் சட்டமே. பலர் விளையாடும்போது, வேறு மாதிரி மாற்றி வைக்காவிட்டால், உலகத்தில் உள்ள எல்லாரும் படுத்தால்தான் விடியும். ஒருவன் மட்டும் "எனக்கு வேலை இருக்கு" என்று அலைந்தால் எல்லாரும் இருட்டில் நிற்க வேண்டியதுதான். ஒன்றாக இருப்பது என்றால் என்ன என்று இதை விடச் சுருக்கமாக என்னால் பாடம் நடத்த முடியாது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறைய வீட்டில் தங்கச்சி கட்டுவாள், நானா உடைப்பான், "விடு மகள், அவன் விளையாட்டுப் பிள்ளை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். அவளின் வீடு அவளுடையது. ஐந்து சட்டமும் நானாவுக்கும் பொருந்தும்.

*5. பொதுச் சேர்வரும் அந்நியரும்*

பொதுச் சேர்வர் என்பது உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் எவரும் வந்து நிற்கும் சந்தை. அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சதுரமுகப் பொம்மைக்குப் பின்னால் இருப்பது பதினொரு வயதுப் பிள்ளையா நாற்பது வயது ஆளா என்று தெரியாது. பத்து வயதுப் பிள்ளையை முன்பின் தெரியாத பஸ் ஸ்டாண்டில் தனியாக இறக்கிவிட்டு வர மாட்டோம். இதுவும் அதுதான். குறைந்தது முதல் வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. போவதென்றாலும் எழுத்து அரட்டையையும் குரல் அரட்டையையும் நிறுத்திவிட்டுப் போகட்டும்.

பிள்ளைக்கு ஒரே ஒரு அடையாளம் சொல்லிக் கொடுங்கள். கேமுக்குள் கதைப்பவர் கேமுக்கு வெளியே வரச் சொன்னால் அது ஆபத்து. வட்ஸ்அப் நம்பர் தா, படம் அனுப்பு, வேறு செயலிக்கு வா, உனக்கு இலவசமாக நாணயம் தருகிறேன், உம்மாவுக்குச் சொல்லாதே. இந்த வார்த்தைகளில் ஒன்று வந்தாலும் உடனே வெளியே வந்து பெரியவரிடம் காட்ட வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது அதை விடப் பெரிது. பிள்ளை வந்து சொல்லும் அன்று போனைப் பறிக்காதீர்கள், ஏசாதீர்கள். சொன்னதற்குத் தண்டனை என்றால் அடுத்த முறை அது சொல்லாது. அந்த ஆளின் பெயரையும் எழுதியதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், பிறகு அவரைத் தடை செய்யுங்கள். விஷயம் பெரிதென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். "ஊருக்குள் பேர் கெடும்" என்று மூடி மறைக்க வேண்டாம். பேர் கெட வேண்டியது செய்தவனுக்குத்தான், பிள்ளைக்கு அல்ல.

*6. நேரமும் தூக்கமும்*

"சாப்பிட வா என்று பத்துத் தரம் கூப்பிட்டாலும் வர மாட்டான்." இது எல்லா வீட்டிலும் உள்ள முறைப்பாடு. இதில் பாதி பிடிவாதம், மற்றப் பாதி நமக்கு விளங்காத ஒரு விஷயம். பலரோடு விளையாடும்போது உலகம் நிற்காது. பிள்ளை போனை வைத்துவிட்டு எழும்பினாலும் உள்ளே இரவு வரும், கிரீப்பர் வந்து வெடிக்கும். அதனால்தான் "இந்தா வாறேன், இந்தா வாறேன்" என்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, கேமின் நாளையே அளவாக எடுப்பது. மூன்று நாள் என்றால் ஒரு மணித்தியாலம். "ஒரு மணித்தியாலம்தான்" என்று சொல்வதை விட "மூன்று நாள்தான், மூன்றாவது நாள் இருட்டியதும் வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டு வெளியே வா" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்கு அது நியாயமாகப் படும். பாங்கு சொல்லப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு குரல் கொடுங்கள். சாமானைப் பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வுழூ எடுக்க அது போதும். பாங்கு சொன்ன பிறகு கூப்பிட்டால் சண்டைதான்.

நோன்பில் இரவு விளையாட்டைப் பற்றி என் கருத்து கறாரானது. தராவீஹுக்குப் பின் ஒரு மணித்தியாலம் இருக்கலாம். ஸஹர் வரைக்கும் வேண்டாம். விடிய விடிய விழித்திருந்து, சுபஹைத் தொழுதுவிட்டு லுஹர் வரைக்கும் தூங்கும் பிள்ளைக்கு நோன்பின் பகலே இல்லாமல் போகிறது. கேமைச் செய்தவர்களுக்கே இது தெரியும் போல. கேமுக்குள் மூன்று நாள் படுக்காமல் திரிந்தால் வானத்திலிருந்து ஃபான்டம் என்று ஒரு பேய்ப் பறவை வந்து கொத்தும். பிள்ளையிடம் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனை வாங்கி வையுங்கள்.

*ஆக, இது எதற்கு?*

"சேர், நீங்கள் படிப்பிக்கிற ஆள். கேமுக்கு வக்காலத்து வாங்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்வது என் வேலை அல்ல, அதை உலமாக்களிடம் கேளுங்கள். தொழுகை, ஓதல், படிப்பு, ஓடி விளையாடுவது எல்லாவற்றுக்கும் பிறகுதான் இது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிள்ளை இதை எப்படியும் விளையாடத்தான் போகிறது. நம்ம கண் முன்னால் விளையாடட்டும், அதிலிருந்து ஒரு பயனும் கிடைக்கட்டும் என்கிறேன்.

பயன் இருக்கிறது. சுனாமிக்குப் பின் நம்ம நாட்டில் வீடமைப்பு வேலை செய்த ஐ.நா. ஹபிடாட் நிறுவனம், 2012 தொடக்கம் மைன்கிராஃப்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு திட்டம் நடத்துகிறது. கென்யாவின் நைரோபி உட்பட பல நாட்டு நகரங்களில் ஊர் மக்களைக் கூட்டி, தங்கள் மைதானமும் பூங்காவும் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தக் கேமிலேயே கட்டிக் காட்டச் சொல்கிறார்கள். வரைபடம் வாசிக்கத் தெரியாதவர்களும் கட்டி வைத்துக் காட்டுகிறார்கள். இளைஞர்களும் பெண்களும் சொல்வதும் அப்போது பொறியியலாளரின் காதுக்குப் போகிறது.

நாமும் செய்யலாம். இந்த லீவுக்கு நான் சொல்லும் வேலை இது. பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து நம்ம பாடசாலையைக் கட்டட்டும். கேமில் ஒரு கட்டி என்பது ஒரு மீற்றர். நம்ம நூறுக்கு இருபது கட்டடம் அடிக்கணக்கு. மீற்றருக்கு மாற்றினால் ஏறத்தாழ முப்பது கட்டி நீளம், ஆறு கட்டி அகலம். மிச்சத்தை அவர்களே அளக்க வேண்டும். அளவு நாடாவோடு வெயிலில் நடந்து, வகுப்பறைகள் எத்தனை, படி எத்தனை, கிணறு எங்கே, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று எழுதி வந்து கட்டட்டும். கட்டி முடிந்த பிறகு ஒரு கேள்வி: இந்தப் பாடசாலையில் எதை மாற்றுவீர்கள்? மலசலகூடத்தை எங்கே வைப்பீர்கள்? சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை எந்த வழியால் வகுப்புக்கு வரும்? லீவு முடிந்து வரும்போது அதைத் திரையில் போட்டு எல்லாரும் பார்ப்போம், அதிபரையும் அழைப்போம், இன்ஷா அல்லாஹ். போன் இல்லாத பிள்ளைகளை விட்டுவிடக்கூடாது. அளப்பதும் வரைவதும் அவர்களின் பங்கு, ஒரு குழுவுக்கு ஒரு போன் இருந்தால் போதும்.

வாப்பாமாரிடம் ஒரு வேண்டுகோள். முதல் வாரத்தில் ஒரு நாள், ஒரு நாள் மட்டும், பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து "எனக்கும் ஒரு வீடு கட்டக் காட்டிக் கொடு மகன்" என்று கேளுங்கள். உங்களுக்கு நடக்கவே வராது, சுவரில் முட்டுவீர்கள், பிள்ளை சிரிக்கும். பரவாயில்லை. தன் உலகத்துக்குள் வாப்பா வந்தார் என்பது அந்தப் பிள்ளைக்கு நினைவிருக்கும். நாளைக்கு அங்கே யாராவது தப்பாகக் கதைத்தால் முதலில் உங்களிடம்தான் வரும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கையையும் கண்ணையும் நேரத்தையும் பாதுகாப்பானாக. எல்லாருக்கும் வரப்போகும் ரமழான் பரக்கத்தாக அமையட்டும்.

வஸ்ஸலாம்.